தமிழ்ப் பேரை வெப்சைட் ஏன் உடைக்குது? ஒரே எழுத்துக்கு மூணு கணக்கு

ஆன்லைன் ஃபார்ம்ல தமிழ்ல பேர் அடிக்கிறவங்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். மீனாட்சிசுந்தரம்னு அடிச்சா கடைசி புள்ளி மட்டும் விழ மாட்டேங்குது, "மீனாட்சிசுந்தரம"ன்னு அப்படியே நிக்குது. கோமதியோட ப்ரொஃபைல் வட்டத்துல "கோ" வராம வெறும் "க" வருது. சில இடத்துல ஒழுங்கா அடிச்ச பேரையே "எழுத்துகளை மட்டும் பயன்படுத்தவும்"னு சிவப்புல எழுதி திருப்பி விட்டுடுது, அடிச்சவர் எந்த எழுத்து தப்புன்னு தேடிக்கிட்டு உக்காந்திருப்பார், தப்பே இருக்காது.

இதை ஃபான்ட் பிரச்சினைன்னும் போன் பிரச்சினைன்னும் நினைச்சு நிறைய பேர் விட்டுடறாங்க. மேல சொன்ன மூணுக்கும் ஃபான்டுக்கும் சம்பந்தமே கிடையாது. கோட் எழுதினவங்க "எழுத்து"ன்னு எதை எண்ணினாங்கங்கிறதுலதான் எல்லாம் இருக்கு, அதை அடியில இருந்து பாத்துடலாம்.

## எழுத்துன்னா எது?

"தமிழ்" அப்படிங்கிற சொல்லை எடுத்துக்குவோம். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகிட்ட கேட்டா த, மி, ழ், மொத்தம் 3னு சொல்லும். கம்ப்யூட்டர் இதை மூணு விதமா எண்ண முடியும்.

1. பைட், கம்ப்யூட்டர் சேமிக்கிற சின்ன அளவு. டிஸ்க்ல, நெட்வொர்க்ல போறது இதுதான். இன்னைக்கு வெப்ல கிட்டத்தட்ட எல்லாமே யூடிஎஃப்-8 முறை, 1992ல கென் தாம்சனும் ராப் பைக்கும் சேர்ந்து வடிவமைச்சது. அதுல இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒண்ணுக்கு 3 பைட், இமோஜி பெரும்பாலும் 4 பைட்.

2. கோட் பாயின்ட். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் முறை ஒவ்வொரு குறிக்கும் ஒரு நம்பர் கொடுத்திருக்கு. த 2980, ம 2990, ி 3007, ழ 2996, ் 3021. கவனிக்க வேண்டியது என்னன்னா "மி"க்கு தனி நம்பர் இல்லை, ம ஒரு நம்பர் அந்த கொக்கி ஒரு நம்பர், அதே மாதிரி "ழ்" கூட ழ ஒண்ணு புள்ளி ஒண்ணுன்னு ரெண்டு. ஆக "தமிழ்" 5 கோட் பாயின்ட், 15 பைட்.

3. கிராஃபீம் கிளஸ்டர். பேர் பெருசா இருக்கு, விஷயம் சின்னது: பாக்கிற மனுஷன் கண்ணுக்கு ஒரு எழுத்தா தெரியறது. த, மி, ழ்னு 3. எந்தக் குறியும் எந்தக் குறியும் சேர்ந்தா ஒரு எழுத்துன்னு எண்ணணும்ங்கிற விதியை யூனிகோட் அமைப்பே எழுதி வச்சிருக்கு, யாரும் புதுசா யோசிக்க வேண்டியதில்லை.

ஒரே சொல், 15, 5, 3. பிஎச்பி மொழியில இந்த மூணுக்கும் தனித்தனி ஃபங்ஷனே இருக்கு: எஸ்டிஆர்லென் கேட்டா 15, எம்பி போட்ட எஸ்டிஆர்லென் கேட்டா 5, கிராஃபீம் போட்டது கேட்டா 3. பைத்தான்ல லென் 5னு சொல்லும், ஜாவாஸ்கிரிப்ட்ல லென்த்தும் 5. ரஸ்ட்ல லென் 15. ஸ்விஃப்ட்ல கவுன்ட் 3. எதுவுமே தப்பான பதில் இல்லை, ஒவ்வொண்ணும் வேற கேள்விக்கு சரியான பதில், எந்தக் கேள்வியை கேக்குறோம்னு தெரியாம கேட்டாதான் பேர் உடையுது.

இங்கிலீஷ்ல இந்த மூணும் ஒண்ணு. ஏ, பி, சி எதை எடுத்தாலும் 1 பைட், 1 கோட் பாயின்ட், 1 எழுத்து. ஜான்னு இங்கிலீஷ்ல அடிச்சு டெஸ்ட் பண்ணினா எந்தக் கணக்குல கோட் எழுதியிருந்தாலும் பாஸ் ஆகிடும். அதனாலதான் இந்த பக் டெஸ்டிங்ல சிக்காம ப்ரொடக்‌ஷன் வரைக்கும் வந்து, தமிழ்ல அடிக்கிற முதல் ஆள் தலையில விழுது.

## ஏன் "மி"க்கு ஒரு நம்பர் கொடுக்கல?

1991ல வந்த யூனிகோட் முதல் பதிப்பு இந்திய மொழிகளுக்கு 1988ல வந்த இஸ்கி முறையை அப்படியே எடுத்துக்கிச்சு. தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, தமிழ்னு எல்லாத்துக்கும் ஒரே அச்சுல கட்டங்கள் போட்டு ஒரே உச்சரிப்பு உள்ள எழுத்து ஒரே வரிசை எண்ல வர்ற மாதிரி அமைச்சது இஸ்கி. அடிப்படை மெய்யை அகரத்தோட (க, ங, ச) வச்சுக்கிட்டு மத்த உயிர்க்குறியும் புள்ளியும் பின்னாடி ஒட்டிக்கிறதுன்னு அதுல ஏற்பாடு. தமிழுக்கு 128 கட்டம் ஒதுக்கினாங்க, அதுல பல கட்டம் இன்னமும் காலி, ஏன்னா க, ச, த எல்லாம் நமக்கு ஒண்ணொண்ணுதான், மத்த மொழிகள்ல நாலு நாலு.

இதுக்கு எதிர்ப்பும் வந்துச்சு, நியாயமான எதிர்ப்புதான். தமிழ் இலக்கணத்துல மெய்தான் அடிப்படை, புள்ளி வச்ச க்தான் முதல்ல, அதுல அ சேர்ந்தாதான் க. யூனிகோட்ல இது தலைகீழ். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடுத்திருந்தா எண்றதும் வரிசைப்படுத்துறதும் லேசா முடிஞ்சிருக்கும்னு சொல்லி உருவானதுதான் டேஸ் 16ங்கிற முறை, தமிழக அரசு 2010ல யூனிகோடோட சேர்த்து அதையும் ஏத்துக்கிச்சு. ஆனா டேஸ் 16 உக்காந்திருக்கிறது யூனிகோட்ல "தனியார் பயன்பாட்டுப் பகுதி"ங்கிற இடத்துல, அந்த இடத்துல யார் என்ன வேணா வச்சுக்கலாம், அதனால ப்ரௌசரும் போனும் சர்ச் இன்ஜினும் அதைத் தமிழ்னு அடையாளம் காண முடியாது. வெப் டெவலப்பர் கையில இருக்கிறது யூனிகோட்தான். வாதம் சரியா தப்பாங்கிறது வேற, உடையுற பேரை இன்னைக்கு சரி பண்ண அந்த வாதம் முடியற வரைக்கும் காத்திருக்க முடியாது, காத்திருக்கவும் தேவையில்லை, ஏன்னா முழு எழுத்தா எண்ற வசதி இப்ப ப்ரௌசர்லயே வந்துடுச்சு.

## எங்கெல்லாம் உடையுது

1. ஃபார்ம்ல நீள வரம்பு. எச்டிஎம்எல்ல மேக்ஸ்லென்த் (அதிகபட்ச நீளம்) 15னு போட்டா அது எண்றது யூடிஎஃப்-16ங்கிற இன்னொரு முறையோட அலகை, தமிழ்ல அது கோட் பாயின்டுக்கு சமம். மீனாட்சிசுந்தரம், எண்ணிப் பாருங்க, மீ னா ட் சி சு ந் த ர ம், 9 எழுத்து. கோட் பாயின்ட் 16. பதினாறாவது எது? கடைசி புள்ளி. அதான் அது விழல. கீபோர்டு மேல குத்தமே இல்லை.

2. டேட்டாபேஸ். அதே பேர் 48 பைட். ஆரக்கிள் டேட்டாபேஸ்ல வார்சார்2ங்கிற எழுத்து ஃபீல்டுக்கு 30னு சும்மா போட்டா வழக்கமா அது 30 பைட், அதாவது "மீனாட்சிசு" வரைக்கும்தான் இடம், மிச்சத்துக்கு எரர். மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரஸும் கோட் பாயின்ட் கணக்கு பாக்கும், கொஞ்சம் தாராளம். ஆனா மைஎஸ்க்யூஎல்ல பழைய "யூடிஎஃப்8"ங்கிற பேர்ல இருந்தது உண்மையில 3 பைட் வரைக்கும்தான் தாங்கும். தமிழ் 3 பைட்ங்கிறதால அது ஓடும், டெவலப்பரும் டெஸ்ட் பண்ணி தமிழ் வருதுன்னு நிம்மதியா இருப்பார், அப்புறம் யாராவது வாழ்த்து சொல்லி பக்கத்துல ஒரு பூங்கொத்து இமோஜி போட்ட உடனே எரர் வரும், இல்லன்னா செட்டிங்கைப் பொறுத்து அதுக்கு அப்புறம் எழுதினது மொத்தமும் காணாம போயிடும். பேர் எம்பி4னு முடியற யூடிஎஃப்8ஐத்தான் போடணும், 8.0 பதிப்புல இருந்து அதுதான் டீஃபால்ட்.

3. இனிஷியல். இதுதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கிற இடம். தமிழ்ல இனிஷியல்னா அப்பா பேரோட முதல் எழுத்து முழுசா: செல்வராஜோட பிள்ளைன்னா "செ.", கோவிந்தனோட பிள்ளைன்னா "கோ.". ஸ்ட்ரிங்கோட ஜீரோவாவது இடத்தை எடுன்னு கோட் எழுதினா செ "ச" ஆகும், கோ "க" ஆகும். "ச."ன்னா அது சண்முகமா இருக்கலாம், சரவணனா இருக்கலாம், செல்வராஜ் மட்டும் கிடையாது. ஒரு சர்ட்டிபிகேட்ல இப்படி வந்தா அப்பா பேரே மாறிப்போச்சுன்னு அர்த்தம், அதைத் திருத்த அந்த ஆள்தான் அலையணும்.

4. வேலிடேஷன். பேர்ல எழுத்து மட்டும்தான் இருக்கணும்னு ரெஜெக்ஸ் (எந்தக் குறி வரலாம்னு சொல்ற விதி) எழுதுறாங்க. இங்கிலீஷ் ஏ-வுல இருந்து இசட் வரைக்கும்னு எழுதினா தமிழ் மொத்தமா அவுட், அது தெரிஞ்சதுதான். அக்கறையா யூனிகோட் "லெட்டர்" வகையை அனுமதிச்சு எழுதுறவங்களும் மாட்டுறாங்க, ஏன்னா யூனிகோட் கணக்குல ம, ழ மாதிரி எழுத்துதான் லெட்டர், ி, ா, ் எல்லாம் "மார்க்"ங்கிற வேற வகை. மார்க்கையும் சேர்த்து அனுமதிக்கணும், இனிஷியலுக்கு முற்றுப்புள்ளியும் ஸ்பேஸும் வேணும். பைத்தான்ல "தமிழ்" எல்லாமே எழுத்தான்னு இஸ்ஆல்ஃபாங்கிற ஃபங்ஷன்கிட்ட கேட்டா இல்லைன்னு சொல்லும், சொல்லைப் பிரிச்செடுக்கிற வழக்கமான ரெஜெக்ஸை ஓட்டினா "தம", "ழ"ன்னு ரெண்டு துண்டா கொடுக்கும். தமிழ்ல சர்ச், டேக், சொல் எண்ணிக்கைன்னு எதையாவது பைத்தான்ல கட்டுறவங்க முதல்ல முட்டிக்கிற சுவர் இது.

5. வெட்டுறது. லிஸ்ட்ல தலைப்பை முதல் 3 எழுத்தோட நிறுத்துன்னு சர்வர்ல வெட்டினா "மீனா" "மீன" ஆகிடும். பைட் கணக்குல வெட்டினா இன்னும் மோசம், 3 பைட் சேர்ந்தாதான் ஒரு குறி, நடுவுல வெட்டினா கறுப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறி போட்ட அடையாளம் வந்து உக்காரும்.

6. பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை அப்படியே வைக்காம உருமாத்தி சேமிக்கிற பிகிரிப்ட் முறையில அதோட முதல் 72 பைட் மட்டும்தான் கணக்கு, பல லைப்ரரிகள் மிச்சத்தை சத்தமில்லாம விட்டுடும். இங்கிலீஷ்ல 72 எழுத்து, யாரும் அவ்வளவு நீளம் போறதில்லை. தமிழ்ல 24 கோட் பாயின்ட்தான். நல்ல நீளமான வாக்கியமா பாஸ்வேர்டு வச்சிருக்கோம்னு ஒருத்தர் நம்பிக்கிட்டு இருப்பார், ரெண்டு மூணு சொல்லுக்கு அப்புறம் என்ன அடிச்சாலும் கதவு திறக்கும்.

7. எஸ்எம்எஸ். இங்கிலீஷ்ல ஒரு மெசேஜ் 160 எழுத்து, தமிழ் கலந்த உடனே 70 கோட் பாயின்ட். 71 ஆனா அது ரெண்டு மெசேஜ், அப்ப துண்டுக்கு 67தான். தமிழ்ல மெசேஜ் அனுப்பற கம்பெனிகள் காசு கூட ஆகுதுன்னு சொல்றதுக்கு காரணம் இது.

## பாக்க ஒண்ணு, உள்ள வேற

எண்றதைவிட சிக்கலானது ஒப்பிடுறது. கண்ணுக்கு அச்சு அசலா ஒரே மாதிரி தெரியற ரெண்டு பேர் டேட்டாபேஸ்ல வேற வேறயா இருக்கலாம், அப்ப தேடினா கிடைக்காது, "உங்க பேர்ல ரெகார்டு இல்லை"ன்னு வரும்.

இதுல லேசானது கொ, கோ, கௌ வகை. "கொ"வை க (2965) + ொ (3018)னு ரெண்டா எழுதலாம், க + ெ (3014) + ா (3006)ன்னு மூணாவும் எழுதலாம், ரெண்டும் ஒண்ணுன்னு யூனிகோடே சொல்லுது. இதுக்கு மருந்து நார்மலைசேஷன், அதாவது ஒரே எழுத்தோட பல வடிவத்தை ஒரே வடிவமாக்குறது, அதுல என்எஃப்சிங்கிற முறை. ஜாவாஸ்கிரிப்ட்ல நார்மலைஸ்னு ஒரே ஃபங்ஷன், உள்ள வர்ற எல்லாத்தையும் சேமிக்கிறதுக்கு முன்னாடி அதுல ஒரு தடவை ஓட்டிட்டா போதும். பாஸ்வேர்டுக்கும் ஹேஷ் பண்றதுக்கு (உருமாத்துறதுக்கு) முன்னாடி இதைப் பண்ணணும், இல்லன்னா போன்ல போட்ட பாஸ்வேர்டு வேற கீபோர்டு இருக்கிற கம்ப்யூட்டர்ல வேலை செய்யாம போக வாய்ப்பிருக்கு.

அடுத்ததுக்கு என்எஃப்சி உதவாது. கௌதம்னு ஒருத்தர். ௌ குறி 3020, அது ஒரே குறி. ஆனா அந்தக் குறியோட பின்பகுதி ள மாதிரியே இருக்கிறதால பல பேர் க, ெ, ள (2995)ன்னு தனித்தனியா அடிச்சு "கெளதம்" ஆக்கிடறாங்க. படிச்சா "கெ-ள-தம்", ஆனா யாருக்கும் அப்படித் தெரியறதில்லை. ஔவையும் ஒளவையும் இதே கதை, பௌர்ணமியும் பெளர்ணமியும் இதே கதை. யூனிகோட் பார்வையில இது எழுத்துப்பிழை, ஒரே எழுத்தோட இன்னொரு வடிவம் இல்லை, அதனால எந்த நார்மலைசேஷனும் இதை ஒட்ட வைக்காது.

சரி, "ெள" வர்ற இடத்துல எல்லாம் ௌ மாத்திடலாமான்னா அது ஆபத்து. தெளிவு, வெள்ளம், கெளுத்தி எல்லாம் என்ன ஆகும்? அதுல ள நிஜமான ள, அதை மாத்தினா சொல்லே சிதைஞ்சிடும். ளவுக்குப் பின்னாடி புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தா தொடக்கூடாது, வெறும் ளவா நின்னா மட்டும் ௌவா எடுத்துக்கலாம். அதையும் தேடுறதுக்குன்னு வச்சிருக்கிற தனி ஃபீல்டுல மட்டும் பண்ணணும். அவர் அடிச்ச பேரை அவர் அடிச்ச மாதிரியே வச்சிருக்கணும், அதுல கை வைக்க நமக்கு உரிமை இல்லை.

ஸ்ரீயும் இப்படித்தான். முன்னாடி ஸ (3000) போட்டு எழுதினோம், 2005ல யூனிகோட் 4.1 பதிப்புல ஶ (2998) வந்தப்புறம் அதை வச்சு எழுதுற வழியும் வந்துச்சு. ரெண்டும் பெரும்பாலான ஃபான்ட்ல ஒரே ஸ்ரீயா தெரியும். ஸ்ரீதர் ரெண்டு விதமா சேமிச்சிருக்கலாம், தேடுற ஃபீல்டுல ரெண்டையும் ஒண்ணாக்கணும்.

இன்னொண்ணு கண்ணுக்கே தெரியாது. ரிக்ஷான்னு சும்மா அடிச்சா க்ஷ ஒட்டிக்கும், ஒட்டாம ரிக்‌ஷான்னு வரணும்னா நடுவுல 8204ங்கிற அகலமே இல்லாத ஒரு குறி போடணும், சில கீபோர்டுகள் தானா போட்டுடும். பத்திரிகைல இருந்து காப்பி பண்ணி ஒட்டுறப்ப இது கூடவே வந்துடும். தேடுறப்ப இதையும் கழட்டிட்டுத்தான் ஒப்பிடணும்.

## வரிசை

கண்ணன், கணபதி, கணேசன். தமிழ் அகராதி வரிசையில ண் முன்னாடி, ண பின்னாடி, ணே அதுக்கும் பின்னாடி, அதனால இதே வரிசைதான் சரி. சும்மா சார்ட் பண்ணச் சொன்னா கணபதி, கணேசன், கண்ணன்னு வரும், ஏன்னா புள்ளியோட நம்பர் 3021, உயிர்க்குறிகளைவிடப் பெருசு. கமலா, கலா, கனகாங்கிறது கனகா, கமலா, கலா ஆகும், ன 2985ங்கிற நம்பரோட ந பக்கத்துலயே உக்காந்திருக்கிறதால. அது அந்த இஸ்கி அச்சுல இருந்து வந்த மிச்சம். தமிழ் லோகேல்னு (மொழி செட்டிங்) சொல்லி, அந்த மொழியோட வரிசை தெரிஞ்ச கொலேட்டர் வச்சு சார்ட் பண்ணணும், நம்பர் வரிசையில விடக்கூடாது.

## இது வேற வியாதி

தமிழுக்குப் பதிலா தலையில கோடு போட்ட இங்கிலீஷ் சின்ன ஏ எழுத்தும், வட்டத்துக்குள்ள ஆர் போட்ட ரிஜிஸ்டர்டு குறியும் வரிசையா வந்தா அது எண்ற தப்பு இல்லை. பைட் எல்லாம் நல்லாவே இருக்கு, யூடிஎஃப்-8ஐ வேற முறைன்னு நினைச்சு படிச்சிருக்காங்க. பேஜ்ல கேரக்டர் செட் சொல்ற வரி முதல் 1024 பைட்டுக்குள்ள இருக்கான்னு பாத்தாலே பாதி சரியாகும். பிடிஎஃப்ல கொம்பு தனியா, புள்ளிபோட்ட வட்டத்தோட நின்னா பிடிஎஃப் உண்டாக்கின லைப்ரரிக்கு எழுத்துகளைச் சேர்த்து அடுக்கத் தெரியலைன்னு அர்த்தம், அந்த லைப்ரரியைத்தான் மாத்தணும்.

## எந்த இடத்துல எந்தக் கணக்கு

கோட் எழுதுறப்ப ஒரே கேள்வி போதும்: இந்த வரம்பு யாருக்காக?

1. மெஷினுக்காகன்னா பைட். டிஸ்க், நெட்வொர்க், பிகிரிப்ட், ஃபைல் பேர். லினக்ஸ்ல ஃபைல் பேர் 255 பைட், தமிழ்ல 85 கோட் பாயின்ட்தான்.

2. ஒப்பிடவும் தேடவும்னா என்எஃப்சி பண்ணின கோட் பாயின்ட்.

3. மனுஷன் கண்ணுக்காகன்னா, அதாவது "இன்னும் இத்தனை எழுத்து அடிக்கலாம்"னு காட்ட, இனிஷியல் எடுக்க, தலைப்பு வெட்ட, எல்லாத்துக்கும் கிராஃபீம். ஜாவாஸ்கிரிப்ட்ல இன்டில் செக்மென்டர் இதுக்குத்தான் இருக்கு. குரோம்ல 2020லயே வந்துடுச்சு, சஃபாரில 2021, ஃபயர்ஃபாக்ஸ்ல 2024 ஏப்ரல்ல 125ஆவது பதிப்புல வந்துச்சு. இதுக்குன்னு தனி லைப்ரரி தூக்கி வைக்க வேண்டிய காலம் போயிடுச்சு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கணும், க்ஷவை இது க், ஷன்னு ரெண்டா எண்ணும், ஸ்ரீயை ஸ், ரீன்னு ரெண்டா எண்ணும்.

ரிலீஸுக்கு முன்னாடி டெஸ்ட் டேட்டால இந்த அஞ்சு பேரைப் போடுங்க. மீனாட்சிசுந்தரம்: கடைசி புள்ளி நிக்குதா. செ. கோமதி: வேலிடேஷன் விடுதா, வட்டத்துல செ வருதா ச வருதா. கௌதம்: "கெளதம்"னு தேடினாலும் கிடைக்கிறாரா. ஸ்ரீதர்: ரெண்டு விதமா அடிச்சும் ஒரே ஆள் வர்றாரா. கண்ணன்: லிஸ்ட்ல கணபதிக்கு மேல இருக்காரா.